மூன்று நிமிடக் கணக்கு

சென்ற தை மாதம் வீடு மாறியபோது பழைய பால்மாப் பேணி ஒன்று எமது கையில் அகப்பட்டது. திறந்து பார்த்தால் உள்ளே முழுவதும் தொலைபேசி அட்டைகள். சிலவற்றில் பனைமரம், சிலவற்றில் கோயிற் கோபுரம், ஒன்றில் நயாகரா நீர்வீழ்ச்சி. பின்புறத்து வெள்ளிப் பூச்சை நாணயத்தாற் சுரண்டிய தழும்புகள் எல்லாவற்றிலும் இருந்தன. இருந்து எண்ணினோம். 143 அட்டைகள். ஒன்று 5 டொலர் அல்லது 10 டொலர். அக்காலத்தில் இரண்டு வேலை செய்து உழைத்த பணத்தில் எவ்வளவு இந்தப் பேணிக்குள் இறங்கியிருக்கிறது என்பதைக் கூட்டிப் பார்க்க மனம் வரவில்லை. இதைப் போன்ற பேணி, இல்லாவிடில் லாச்சி, ஸ்காபரோவில் எம்மவர் வீடு பலவற்றில் இன்றும் இருக்கும்.

பேசிய பேச்சுக்கு விலை வைப்பது என்பது எப்போது, யாரால், எவ்வாறு தொடங்கிற்று? வரலாறு கற்பித்த பழக்கத்தினால் இக்கேள்வி எம்மை விடவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர் சொல்வோம்.

இக்கதையின் தொடக்கம் எமக்கு அயலிலேயே உள்ளது. ரொறன்ரோவிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் காரோட்டினால் பிறான்ற்போட் நகர் வரும். 1876ஆம் ஆண்டு ஆவணி 10ஆம் திகதி, அலெக்சாண்டர் கிரகாம் பெல் அங்கிருந்து 13 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பரிஸ் என்ற சிற்றூருக்குத் தந்திக் கம்பியூடாகக் குரலை வரச் செய்தார். பிரான்சின் பரிஸ் அன்று, ஒன்ராறியோவின் பரிஸ். பேச்சு ஒரு பக்கமாக மட்டுமே சென்றது. பரிஸில் இருந்தவர் கேட்கலாம், மறுமொழி கூற முடியாது. அந்தச் சுற்றுக்கு மின்சாரம் கொடுத்த மின்கலம் ரொறன்ரோவில் இருந்தது என்பது பலர் அறியாத செய்தி. நான்கு ஆண்டுகளின் பின், 1880இல், பெல் தொலைபேசிக் கொம்பனி கனடியப் பாராளுமன்றச் சட்டமொன்றினால் நிறுவப்பட்டது. நாம் வந்திறங்கிய முதல் மாதத்திலேயே எமது பெயருக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கிய அதே கொம்பனிதான்.

ஆரம்பத்தில் விலை வைப்பது மனிதர் வேலையாக இருந்தது. இணைப்பகத்தில் அமர்ந்திருக்கும் பெண் கம்பியைச் செருகி இணைப்பார், மணிக்கூட்டைப் பார்ப்பார், சிறு துண்டுக் கடதாசியில் யார் யாரை அழைத்தார், எப்போது தொடங்கி எப்போது முடித்தார் என்று எழுதுவார். மாத முடிவில் அத்துண்டுகளை அடுக்கிக் கூட்டினால் பற்றுச்சீட்டு ஆயத்தம். பின்னாளில் வந்த எந்தப் பெரிய கணனியும் இந்த நான்கு கேள்விகளுக்கு அப்பால் ஐந்தாவதாக ஒன்றைப் பெரிதாகக் கேட்டுவிடவில்லை.

எமது சிறுபராயத்திலும் இதுவே நடைமுறை. வடமராட்சியில் எமது கிராமத்தின் உபதபாற் கந்தோரில் கறுப்புத் தொலைபேசி ஒன்று இருந்தது. கொழும்புக்கு ரங்கோல் எடுக்க வேண்டுமானால் காலையிற் சென்று பதிவு செய்துவிட்டு வாங்கில் குந்தியிருக்க வேண்டும். இணைப்புக் கிடைப்பதற்குள் மத்தியானமாகிவிடும். கிடைத்ததும் பேசத் தொடங்கி, சுகம் விசாரித்து, வந்த விடயத்தை வாயெடுக்கும்போது இடையிலே ஒரு குரல் வந்து மூன்று நிமிடம் முடிந்தது என்று சொல்லும். தபாலதிபர் தம் பங்குக்கு மூன்று விரலை உயர்த்திக் காட்டுவார். தந்தி என்றால் சாவு, ரங்கோல் என்றால் காசு என்று அப்பா சொல்வதுண்டு.

இந்த மூன்று நிமிடம் எங்கிருந்து வந்தது? 1927ஆம் ஆண்டு தை 7ஆம் திகதி நியூயோர்க்குக்கும் லண்டனுக்கும் இடையில் வானொலி வழியாகத் தொலைபேசிச் சேவை தொடங்கியபோது விலை மூன்று நிமிடத்துக்கு 75 டொலர். பிரித்தானியப் பக்கத்தில் 15 பவுண். ஓர் இணைப்பை ஏற்படுத்துவதற்கு இரு கரையிலும் பணியாளர் பலர் உழைக்க வேண்டியிருந்தது. ஆகையால் ஒருவர் அரை நிமிடத்தில் வைத்துவிட்டாலும் மூன்று நிமிடக் காசைக் கட்டட்டும் என்று விதித்தனர். அந்த உழைப்பு மறைந்து பல்லாண்டுகள் சென்ற பின்னும் அந்த மூன்று நிமிடம் மறையவில்லை. அது எங்கு போய் ஒளிந்திருந்தது என்பதைப் பார்க்கத்தான் போகிறோம்.

மனிதரை விலக்கி இயந்திரத்தைக் கொண்டுவந்த கதை சுவையானது. கன்சாஸ் நகரில் அல்மன் ஸ்ரோஜர் என்பவர் பிரேத அடக்கத் தொழில் செய்தார். இணைப்பகப் பெண் தமக்கு வரவேண்டிய அழைப்புக்களைப் போட்டித் தொழிலாளிக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாம். அப்பெண்ணே வேண்டாம் என்று தானாக இணைக்கும் கருவியொன்றை ஆக்கி 1891இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே இந்தியானாவின் லாபோட் நகரில் அது இயங்கத் தொடங்கியது. ஆனால் இணைப்பதற்கு இயந்திரம் வந்துவிட்டால் துண்டு எழுதுவது யார்?

இவ்விடத்தில் உலகம் இரண்டு வழியாகப் பிரிந்தது. பிரித்தானியரும் அவர் வழி வந்த நாடுகளும் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் இணைப்பகத்தில் ஒரு எண்மானியைப் பொருத்தினர். நீங்கள் பேசப் பேச மின்துடிப்பு ஒவ்வொன்றாக வந்து அதனை ஓர் எண் முன்னே தள்ளும். அண்மையிலுள்ள ஊராயின் துடிப்பு மெல்ல வரும், தூரத்து ஊராயின் விரைந்து வரும். ஓர் அலகின் விலை ஒன்றுதான். அந்த ஓர் அலகு எத்தனை வினாடி நீடிக்கும் என்பதுதான் மாறும். மூன்று நிமிடக் கொடுமையை ஒழித்ததும் இம்முறையே. 1958ஆம் ஆண்டு மார்கழி 5ஆம் திகதி எலிசபெத் மகாராணி பிறிஸ்ரலிலிருந்து எடின்பரோவுக்குத் தம் கையாலேயே எண்ணைச் சுழற்றிப் பேசினார். இரண்டு நிமிடமும் சில வினாடியும் பேசியதற்குப் பத்துப் பென்சு. இலங்கையில் எமது பற்றுச்சீட்டுக்களில் 'அலகு' என்று கண்ட சொல்லின் வேர் இதுவே. யாருக்குப் பேசினோம் என்ற விபரம் அதில் இராது. வீட்டில் யார் பேசினார்கள் என்ற சண்டைக்கு எண்மானி சாட்சி சொல்லாது.

அமெரிக்கர் வேறு வழி சென்றனர். 1948இல் பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில், அழைப்பு ஒவ்வொன்றையும் கடதாசி நாடாவில் துளையிட்டுப் பதியும் இயந்திரம் வைத்தார்கள். இணைப்பகப் பெண்ணின் துண்டை இயந்திரம் எழுதத் தொடங்கியது என்று கொள்ளலாம். இதற்கு விலை போட வேண்டுமானால் ஊருக்கும் ஊருக்கும் இடைத்தூரம் தெரிய வேண்டும். 1950களில் ஜே டொனல்ட் என்பவர் ஒரு தந்திரம் செய்தார். வட அமெரிக்கா முழுவதையும் ஒரு தட்டையான கட்டத்தில் விரித்து, ஒவ்வொரு இணைப்பகத்துக்கும் இரண்டு எண்களைக் கொடுத்தார். இரு ஊர்களின் எண்களைக் கழித்து, வர்க்கித்து, கூட்டி, பத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மைல் வந்துவிடும். எட்டாம் வகுப்பில் பைதகரசின் தேற்றம் எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல அன்று இந்த விடை எம்மிடம் இருக்கவில்லை!

நிற்க. ரொறன்ரோவுக்கு வருவோம்.

1956ஆம் ஆண்டு புரட்டாதி 25ஆம் திகதி அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியால் முதலாவது தொலைபேசி வடம் திறக்கப்பட்டது. ஸ்கொத்லாந்தின் ஒபானில் தொடங்கி நியூபவுண்லாந்தின் கிளாரன்வில்லில் கரையேறிய அவ்வடத்தில் ஒரே வேளையில் 36 உரையாடல்கள் மட்டுமே செல்ல இயலும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1986 ஆவணியில், அதே நியூபவுண்லாந்தின் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களைக் கனடிய மீனவர் மீட்டனர். கனடாவின் கடல்கடந்த தொலைபேசி வழியை 1950இன் தொடக்கத்திலிருந்து அரச கூட்டுத்தாபனம் ஒன்று வைத்திருந்தது. 1975இல் அதற்கு ரெலிகுளோப் என்று பெயரிட்டனர். 1987இல் தனியாருக்கு விற்றனர். விற்றபோதும் தனியுரிமை விலகவில்லை. உள்ளூர் வழி பெல்லிடம், கடல்வழி ரெலிகுளோப்பிடம். வெலஸ்லி வீதி மாடிக் கட்டிடங்களில் பத்துப் பேர் ஓர் அறையிற் கிடந்த ஆரம்ப காலத்து எம்மவர் இவ்விரு கதவுகளையும் தட்டாமல் தாயின் குரலைக் கேட்க முடியாதிருந்தது.

கனடாவில் உள்ளூர்ப் பேச்சுக்கு எண்மானி கிடையாது. மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டு நாள் முழுவதும் பேசலாம். ஆயினும் உள்ளூர் என்பதற்கு எல்லை உண்டு. மிசிசாகாவிலிருந்து ரொறன்ரோவுக்கு இலவசம், ரொறன்ரோவிலிருந்து ஏஜாக்சுக்கும் இலவசம். மிசிசாகாவிலிருந்து ஏஜாக்சுக்கு மட்டும் தூர அழைப்பு. இதனால் அண்ணன் வீட்டுச் செய்தியை நடுவிலுள்ள மச்சாள் வாங்கித் தங்கை வீட்டுக்குக் கொடுப்பது பல குடும்பங்களில் வழக்கமாயிற்று. செய்தி போகும் வழியில் அதற்குக் கையும் காலும் முளைத்தது வேறு கதை.

அந்த இலவசம் எவ்வாறு முடிந்தது? தூர அழைப்புக்குக் கூடிய விலை வைத்து, அந்த இலாபத்தால் உள்ளூர்க் கட்டணத்தைத் தாழ்வாக வைத்திருந்தனர். வீட்டுக்கு வீடு தொலைபேசி இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதற்குப் பின்னால் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தூர அழைப்பு எடுப்பவர் யார்? உறவினர் பிற தேசத்தில் உள்ளவர், அதாவது புதிதாக வந்தவர். வாடகைக்கு அல்லாடிய அகதியின் பணத்தில் அயல்வீட்டுக்காரரின் உள்ளூர் அரட்டை நடந்தது என்பது கணக்கின்படி பிழையான கூற்றாகாது.

இன்னொரு பங்காளியும் இருந்தார். நாட்டுக்கு நாடு அழைப்புச் செல்லும்போது இரு தேசத்துத் தொலைபேசி நிறுவனங்களும் நிமிடத்துக்கு ஒரு கணக்கு விலையை உடன்படிக்கையாக வைத்துக்கொள்ளும். அழைப்பை அனுப்பும் நாடு அதில் பாதியைப் பெறும் நாட்டுக்குக் கொடுக்க வேண்டும். இரு பக்கமும் சமமாகப் பேசினால் கணக்கு நேராகும். இங்கிருந்து நாம் எடுத்தது நூறாயின் அங்கிருந்து வந்தது எத்தனை? ஆதலால் மிகுதி எப்போதும் கொழும்பை நோக்கியே சென்றது. அங்கே தொலைபேசி 1991 வரை அரச திணைக்களம், பின் அரச கூட்டுத்தாபனம். 1997இல்தான் யப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் 35 வீதப் பங்கை வாங்கியது. குண்டு விழுந்ததா, அம்மா தப்பினாரா என்று கேட்டு நாம் எடுத்த ஒவ்வொரு நிமிடமும் அந்த அரசின் அந்நியச் செலாவணி வருமானமாயிற்று. இதை அறிந்திருந்தாலும் எடுக்காமல் இருந்திருப்போமா? இருந்திருக்க மாட்டோம்.

எம்மவர் இக்கணக்கை ஏமாற்றக் கற்றுக்கொண்ட விதங்களையும் பதிந்துவைப்பது நன்று. மறுமுனையில் எடுத்த பிறகே காசு என்பதனால் இரண்டு முறை மணியடித்து வைத்தால் சுகமாகச் சேர்ந்துவிட்டோம் என்று பொருள். குறிப்பிட்ட ஆளையே கேட்டு எடுக்கும் அழைப்பில் அவர் இல்லையென்றால் கட்டணமில்லை. ஆகவே இல்லாத ஒருவர் பெயரைக் கேட்பர். கேட்ட பெயரிலேயே செய்தி இருக்கும். வேறொருவர் பெயரில் இணைப்பு எடுத்து, ஆயிரக் கணக்கில் பேசிவிட்டு, கட்டாமல் விட்டவர்களும் எம்மிடையே இருந்தார்கள். பெயரைக் கொடுத்து மாட்டிக்கொண்டவரும் எம்மவரே.

1990இல் போர் மீண்டும் மூண்ட பின் யாழ் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாதொழிந்தன. 1995 ஐப்பசி இடப்பெயர்வின் பின் வன்னியில் இருந்தவர்களின் நிலையும் அதுவே. ஆகையால் பேச விரும்புவோர் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வரவேண்டும். வவுனியாவில் தொலைத்தொடர்பு நிலையங்கள் எனப் பெயர்ப்பலகை தொங்கிய கடைகள் பெருகின. இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன கடை என்று முன்கூட்டியே கடிதம் எழுதி, அங்கு வந்து காத்திருப்பார்கள். வரும் அழைப்பைக் கேட்பதற்கும் கடைக்காரருக்கு நிமிடக் காசு கட்ட வேண்டும். ஒரே பேச்சுக்கு இரண்டு கரையிலும் விலை.

அக்காலத்தில் நேரத்துக்கும் இரண்டு கணக்கு இருந்தது இளையோருக்குத் தெரியாது. 1996 வைகாசியில் இலங்கை அரசு மின்சாரத்தை மிச்சப்படுத்தவெனக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஐப்பசியில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2006 சித்திரை வரை அந்த அரை மணித்தியாலம் நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நடைமுறையில் இருந்தது. பழைய நேரமா, புதிய நேரமா என்று கேளாமல் எவரும் எதற்கும் நேரம் குறிப்பதில்லை.

நாம் கேட்கவில்லை. 1997 ஐப்பசியில், வன்னியிலிருந்து வைத்தியத்துக்காக வவுனியா வரவிருந்த எமது தாயார் காலை 9 மணிக்குக் கடைக்கு வருவதாக எழுதியிருந்தார். வவுனியாவில் அரசின் நேரம்தானே என்று எண்ணி ரொறன்ரோவில் இரவு 11 மணிக்கு, கையில் ஒரேயொரு அட்டையுடன் எடுத்தோம். அம்மா வரவில்லை என்றார் கடைக்காரர். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. பின்னும் ஒரு முறை. நான்காம் முறை எடுத்தபோது இயந்திரக் குரல் மிகுதிப் பணம் போதாது என்றது. நான்கு தடவையும் நாம் பேசியது கூட்டினால் இரண்டு நிமிடம் இராது. எழுதியவர் வன்னியில் இருந்து எழுதியவர். அவர் கையில் பழைய நேரம். அவருடைய 9 மணி கடைச் சுவரில் 9.30. நாம் குளிரில் ஓடிப்போய் இன்னொரு அட்டை வாங்கி வருவதற்கு நள்ளிரவாயிற்று. அதற்குள் அவர் வந்து, இருந்து, அனுமதிச் சீட்டில் குறித்த நேரம் தப்பிவிடும் என்று எழுந்து போய்விட்டார். அதன் பின் அவர் குரலைக் கேட்பதற்கு எட்டு மாதங்கள் சென்றன.

இரண்டு நிமிடப் பேச்சில் ஓர் அட்டை எப்படித் தீர்ந்தது? அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இரண்டு ஆண்டுகளில் வந்தது.

1992ஆம் ஆண்டு ஆனி 12ஆம் திகதி, கனடிய வானொலி தொலைக்காட்சி தொலைத்தொடர்பு ஆணைக்குழு தூர அழைப்புச் சந்தையைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. யுனிரெல் முதலிய நிறுவனங்கள் பெல்லுடன் மோத வந்தன. இரவு உணவு நேரத்தில் அழைத்து எங்களிடம் மாறுங்கள் என்று நச்சரித்த குரல்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். தூர விலை இறங்கியது. உள்ளூர் மாதக் கட்டணம் மெல்ல ஏறியது. 1997இல் அமெரிக்க ஆணைக்குழு, பிற நாடுகளுக்குத் தாம் கொடுக்கும் பங்கு நாட்டின் வருமானத்துக்கேற்ப நிமிடத்துக்கு 15 முதல் 23 சதத்துக்கு மேற்படக்கூடாது என்று விதித்தது. அதன் அதிர்வு எல்லா நாடுகளின் கணக்கு விலையையும் கீழே இழுத்தது. 1998 ஐப்பசி முதலாம் திகதி ரெலிகுளோப்பின் தனியுரிமையும் முடிவுற்றது. மொத்தமாக நிமிடங்களை வாங்கிச் சில்லறையாக விற்கும் சிறு கொம்பனிகள் மழைக்காளான் போல முளைத்தன. அவற்றுள் ஒன்றில், பெயர் வேண்டாம், 1999இல் எமக்கு மாலை நேர வேலை கிடைத்தது. விலைப் பட்டியலைக் கணனியிற் பதிவதே தொழில். கலைப் பட்டதாரிக்கு இந்நாட்டில் கிடைத்த முதலாவது நாற்காலி வேலை அது. மகிழ்ச்சியோடுதான் போனோம்.

அம்மென்பொருளின் உள்ளே பெரிய மாயம் எதுவும் இல்லை. ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் முதலாவதாகச் சுழற்றும் எண்ணின் தொடக்கம், பின் இடத்தின் பெயர், நிமிட விலை, ஆகக் குறைந்த வினாடி, அதன்பின் எத்தனை வினாடிக்கு ஒருமுறை ஏற்றுவது, இணைப்புக் கட்டணம். 94 என்றால் இலங்கை. 941 கொழும்பு, 9424 வவுனியா, 9465 மட்டக்களப்பு, 9477 கைத்தொலைபேசி. அழைப்பு ஒன்று வந்ததும் கணனி மிக நீண்டு பொருந்தும் வரியைத் தேடும். 9477 என்ற வரியைப் பதிய மறந்தால் அது 94 என்ற பொது வரியில் விழுந்து, கைத்தொலைபேசிக்குரிய கூடிய விலை போடப்படாமல் கொம்பனிக்கு நட்டம் வரும். அப்படி ஒரு முறை மறந்து ஏச்சும் வாங்கினோம். 9421 என்ற வரியும் இருந்தது. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் அதற்குள் அடக்கம். வன்னிப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதியில் மணியடிக்க ஒரு தொலைபேசி இல்லாத நாட்களில், அந்த வரிக்கும் வாரந்தோறும் விலையைத் திருத்திப் பதிந்தோம்.

கொம்பனி வாங்கும்போது ஆறு வினாடிக் கணக்கு. விற்கும்போது வேறு கணக்கு. அட்டையில் பெரிய எழுத்தில் அச்சாவது நிமிட விலை மட்டும். ஏனைய நிரல்கள் எறும்பெழுத்தில் பின்புறம் கிடக்கும். ஓர் உதாரணம் சொல்வோம். 10 டொலர் அட்டை, நிமிடம் 20 சதம். ஐம்பது நிமிடம் என்று விளம்பரம். இணைப்புக் கட்டணம் 75 சதம், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றம், வாரப் பராமரிப்பு 75 சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அழைப்பு 7 நிமிடம் 10 வினாடி. கணனி அதை 9 நிமிடம் என்னும். இணைப்போடு 2 டொலர் 55 சதம் போய் மிகுதி 7.45. ஒரு வாரம் கழிய 6.70. அடுத்தது ஒரு நிமிடம், அம்மாவைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று சொல்வதற்கு. அது 3 நிமிடம். 1.35 போய் மிகுதி 5.35. மறுபடி எடுத்து 10 நிமிடம் 5 வினாடி. அந்த ஐந்து வினாடியால் 12 நிமிடமாகி, 3.15 போய் மிகுதி 2.20. இன்னொரு வாரம் கழிய 1.45. நாலாவது அழைப்பில் இணைப்புக் கட்டணம் போக ஒரு மூன்று நிமிடத்துக்கே பணம் உண்டு. மூன்றாவது நிமிட முடிவில், சொல் வாயில் இருக்கும்போதே, வெட்டும். கூட்டிப் பாருங்கள். ஐம்பதுக்குப் பதில் இருபத்தொன்றேகால் நிமிடம்.

1927ஆம் ஆண்டின் மூன்று நிமிடம் ஒளிந்திருந்த இடம் இதுதான். அன்று அதற்குக் காரணம் மனித உழைப்பு. இன்று அது ஒரு நிரலில் 180 என்று பதியும் எண். இதைவிடக் கேடு, மறுமுனை எடுக்கும் முன்னரே, மணியடிக்கத் தொடங்கியதும் மணிக்கூட்டை ஓடவிடும் தந்திரம். இத்தகைய வியாபாரம் எம்மவரை மட்டும் குறிவைத்ததன்று. ஸ்பானிய மொழி பேசுவோர், பிலிப்பினோக்கள், ஆபிரிக்கர் எனப் புதிதாக வந்தோர் எல்லோரிடமும் நடந்தது. 2008இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, சொன்ன நிமிடங்களைத் தராத அட்டை விற்பனையாளர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தது. அதற்குள் எமது பேணி நிரம்பிவிட்டது.

பின்னர் நடந்தவை விரைவாக நடந்தன. 2002 மாசியில் போர்நிறுத்தம், சித்திரையில் ஏ9 பாதை திறப்பு, கையில் தொலைபேசியோடு ஊரார். 2003இல் இலங்கை வெளிநாட்டு அழைப்பு வாயிலைப் பல நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதுவரை கள்ள வழியாக இணையத்தில் ஏறிக் கொழும்பில் இறங்கி, உள்ளூர் அழைப்பாக வேடம் போட்ட குரல்கள் நேர்வழிக்கு வந்தன. விலை மேலும் வீழ்ந்தது. பின் வைபர், வட்ஸ்அப் என்று வந்து நிமிடம் என்ற அலகே இல்லாது போயிற்று. இப்போது எமது பேரப்பிள்ளை பருத்தித்துறையிலுள்ள சித்தப்பாவுடன் பேசும்போது, பேசாமலே தொலைபேசியை மேசையில் விட்டுவிட்டு விளையாடப் போகிறது. நாம் இன்னும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கதைத்தால் நெஞ்சு அடிப்பவர்கள்.

வேறொரு காரணம் உண்டு என்று தொடக்கத்தில் சொன்னோம். 2000ஆம் ஆண்டு மார்கழியில், நத்தார் வியாபாரத்துக்கு முன், முதலாளி ஒரு துண்டில் எழுதித் தந்தார். இலங்கை வரிகள் எல்லாவற்றிலும் 60 என்பதை 180 ஆக்கு, நிமிட விலையில் இரண்டு சதம் குறை. சுவரொட்டிக்குப் புதிய விலை வேண்டும். எமக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும். ஏற்கெனவே அதே கணக்கினால் ஒரு தாயின் குரலை எட்டு மாதம் இழந்தவர்கள் நாம். மாடி வாடகை மூன்று நாளிற் கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியாக மாற்றினோம். ஏறக்குறைய முப்பது வரி. இருபது நிமிட வேலை.

தைப்பொங்கலுக்கு முதல் நாள், ஸ்காபரோவில் தமிழ்க் கடையொன்றில் சர்க்கரை வாங்க நின்றோம். எமக்கு முன்னால் நின்ற வயது முதிர்ந்த அம்மையார் காசாளரிடம் அந்த அட்டையை நீட்டி, இதிலே ஐம்பது நிமிடம் என்று போட்டிருக்கிறது தம்பி, நான் மகளோடு ஒழுங்காய்க் கதைக்கவேயில்லை, வெட்டிப்போட்டுது என்றார். காசாளருக்கு ஒன்றும் தெரியாது. அவர் திரும்பி எம்மைப் பார்த்தார். படித்தவர் போலத் தெரிந்திருக்க வேண்டும். இதை ஒருக்கால் பாருங்கோ மாஸ்ரர் என்று அட்டையைக் கையில் தந்தார். பின்புறத்து எறும்பெழுத்தை வாசிப்பது போலச் சிறிது நேரம் பார்த்தோம். அங்கே தொலைபேசிக் கம்பியில் ஏதும் பழுதாக இருக்கலாம் அம்மா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.